வண்டிக்கு வர்ணம்: சாமான் கிரயத்தைக் கணக்கிடும் முறை

மேற்கே கடலும் கிழக்கே காயலும் நெருக்கி நிற்க, நடுவே சுக்கும் மிளகும் அரிசியும் அடுக்கிய கிடங்குகளோடு நீண்டு கிடக்கும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், விடியற்காலை முதல் சரக்கேற்றி இறக்கித் திரியும் பெட்டி ஆட்டோக்களையும், தோப்பும்படிக்கும் ஜூத் தெருவுக்குமாக ஓடும் கறுப்பு மஞ்சள் ஆட்டோ ரிக்ஷாக்களையும், பொள்ளாச்சியிலிருந்து காய்கறி ஏற்றி வந்து நிற்கும் நம்மவர் லாரிகளையும் சற்று நின்று உற்றுப் பார்ப்பவர்க்கு ஒரு விஷயம் தெளிவாகும். மேலே வர்ணம் பளபளவென்றிருக்கும் வண்டியிலும்கூட, மட்கார்டின் உள்மடிப்பிலும், கதவின் அடிவிளிம்பிலும், ஸ்குரூ முடுக்கிய தலைகளைச் சுற்றியும் கடுகளவும் மிளகளவுமாகக் கொப்புளங்கள் எழுந்திருக்கும். நகத்தால் கீறினால் வர்ணம் தோலாக உரிந்து, உள்ளே செம்மண் நிறத்தில் துரு உதிரும். உப்புக் காற்று வாகனத்திற்குச் செய்யும் உபசாரம் இது. வாடகை வண்டிகளுக்கோ, எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பின் வருஷந்தோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் கட்டளையிடுகின்றன. ஆகவே இந்தப் பிரதேசத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு வர்ணம் பூசும் செலவு, டயர் மாற்றும் செலவைப் போலத் தவணை முறையில் வந்து வாசலில் நிற்பது.

அந்தச் செலவை நிர்ணயிக்கப் புறப்படுகிறவர் பெயின்ட் கடையில் போய் நின்று, "இக்கா, லிட்டர் என்ன விலை?" என்று கேட்பதே வழக்கம். கடைக்காரரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. கேள்விதான் பிசகு. டப்பாவில் இருக்கும் திரவம் முழுவதும் வண்டியின்மேல் நிற்பதில்லை. ஒரு பகுதி ஆவியாகிப் பறந்துவிடும். ஒரு பகுதி ஸ்ப்ரே கன்னின் காற்றோடு போய்த் தரையிலும் சுவரிலும் படியும். எஞ்சியது உலர்ந்து மெல்லிய படலமாக நிற்கும். நாம் விலை கொடுக்க வேண்டியது அந்த உலர்ந்த படலத்திற்கே. ஒரு சதுர மீட்டர் தகட்டை, இத்தனை மைக்ரான் கனத்தில், இத்தனை வருஷம் காக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்கத் தெரிந்தவர் ஏமாறுவது அரிது. இந்த அத்தியாயத்தில் விலைப் பட்டியல் ஒன்றைத் தேடும் வாசகர் அதைக் காணமாட்டார். விலை மாதத்துக்கு மாதம் மாறுவது, பட்டியலோ புத்தகம் கட்டி முடியுமுன் பழசாகிவிடுவது. அளவு அப்படி மாறுவதன்று. அளவை இங்கே கற்றுக்கொண்டு, விலையை அன்றன்று கடையில் விசாரித்து நிரப்பிக்கொள்வதே உத்தமம்.

முதற்காரியம் பரப்பை அளப்பது. துணி அளக்கும் டேப்பு ஒன்று போதும். வளைந்த பாகங்களைச் சிறு சிறு செவ்வகங்களாகப் பிரித்துக்கொண்டு, நீளத்தை அகலத்தால் பெருக்கிக் கூட்டிவர வேண்டும். பலர் வெளிப்புறத்தை மட்டும் அளந்து, மட்கார்டின் உட்புறம், தரைத் தகட்டின் கீழ்ப்பக்கம், டிக்கியின் மூடி ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். துரு முதலில் குடியேறும் இடங்களும் அவைதாம். மேற்கூரைத் துணியைக் கழித்து, உட்புறத்தையும் சேர்த்து ஓர் ஆட்டோ ரிக்ஷாவின் தகட்டுப் பரப்பு 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். வண்டிக்கு வண்டி இது வேறுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது படலத்தின் கனம். மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கம்பெனியிலிருந்து வரும் புதுக் காரின்மேல் ப்ரைமர் முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 மைக்ரான் அளவே இருக்கும். மறுபூச்சில் மேல் வர்ணம் மட்டும் உலர்ந்தபின் 50 மைக்ரான் நின்றால் அது நல்ல வேலை. பெயின்ட்டின் கன அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு உலர்ந்தபின் மிஞ்சும் என்பதை உற்பத்தியாளர் தம் விவரத் தாளில் அச்சிட்டிருப்பார். கடைக்காரரிடம் வற்புறுத்திக் கேட்டால் அந்தத் தாள் கிடைக்கும். அந்தச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டரை மூடும் என்பது வந்துவிடும். கலந்து அடிக்கத் தயாரான நிலையில் 40 சதவீதம் மிஞ்சும் பெயின்ட்டானால், 400ஐ 50ஆல் வகுக்க 8 சதுர மீட்டர். அதாவது நம் ஆட்டோவுக்கு ஒரே ஒரு லிட்டர்!

காகிதத்தில்தான் இப்படி. பழைய மாதிரி ஸ்ப்ரே கன், காற்றை வேகமாக ஊதி அடிப்பதால், பத்துப் பங்கில் மூன்று அல்லது மூன்றரைப் பங்கையே தகட்டில் சேர்க்கும். மீதி புகையாகப் போய்விடும். காற்றின் கன அளவு அதிகமாகவும் அழுத்தம் குறைவாகவும் உள்ள புதுவகைக் கன், நூற்றுக்கு 65 பங்கு வரை சேர்க்கவல்லது. முன்னதில் 35 சதவீதம் என்று கொண்டால் ஒரு லிட்டர் படலத்திற்கு ஏறத்தாழ 2.86 லிட்டர் கலவை வேண்டும்; பின்னதில் 1.54 லிட்டர் போதும். ஒரே வண்டி, ஒரே வர்ணம், ஒரே மேஸ்திரி; கன் ஒன்று மாறியதால் 1.3 லிட்டர் மிச்சம். பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது கூலி எவ்வளவு என்று விசாரிக்கிறவர்கள், "மேஸ்திரி, எந்தக் கன்னில் அடிப்பீர்கள்?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்பதில்லை. சாமான் வாங்கிக் கொடுப்பவர் நாமாகவும் கூலி வாங்குபவர் அவராகவும் இருக்கும் ஏற்பாட்டில், விரயமாகும் பெயின்ட் அவர் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, எந்தப் பெயின்ட்? இங்கே சிறிது சரித்திரம் சொல்வது வீணாகாது. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், எண்ணெய் வார்னிஷைப் பல கைகளாகப் பூசி, ஒவ்வொரு கையும் காயக் காத்திருந்து, ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1920க்குப் பின், முதல் மகாயுத்தத்தில் வெடிமருந்துக்காகப் பெருக்கிய நைட்ரோ செல்லுலோஸ் உற்பத்திக்கு வேறு உபயோகம் தேடிய டூபான்ட் கம்பெனியார், அதையே கரைத்து விரைவில் உலரும் வர்ணமாக்கி, டூகோ என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸின் 1924ஆம் வருஷத்து ஓக்லாந்து கார்களுக்கு அளித்தனர். வாரங்கள் நாட்களாயின. அந்தப் பெயர் நம் நாட்டுப் பட்டறைகளிலும் நெடுங்காலம் வழங்கியது. இதன் வம்சத்தில் வந்ததே இன்றைய என்.சி. பெயின்ட், விலை மலிவு, தூசி ஒட்டுமுன் உலரும், திறந்த வெளியிலும் அடிக்கலாம். ஆகையால் சிறு பட்டறைக்காரர்களுக்கு அதன்மேல் வாஞ்சை அதிகம்.

மலிவு என்றேன், லிட்டர்க் கணக்கில் மலிவு. தின்னர் கலந்து அடிக்கும் நிலையில் அதில் உலர்ந்து மிஞ்சுவது நூற்றுக்கு 15க்கு மேல் இராது. மேற்சொன்ன சூத்திரத்தின்படி, 50 மைக்ரான் படலத்திற்கு ஒரு லிட்டர் 3 சதுர மீட்டரையே மூடும். 8 சதுர மீட்டருக்கு 2.67 லிட்டர், பழைய கன்னின் விரயத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 7.6 லிட்டர்! கணக்குக்காக, கலந்த என்.சி. லிட்டர் 350 ரூபாய் என்றும், ஹார்டனரும் தின்னரும் கலந்து, முன் கணக்கிற்போல் 40 சதவீதம் மிஞ்சும் இருபொருள் பாலியூரிதேன் பெயின்ட் லிட்டர் 900 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், முன்னது சுமார் 2,670 ரூபாய், பின்னது சுமார் 2,570 ரூபாய். இரண்டரை மடங்கு விலையுள்ள பெயின்ட் நூறு ரூபாய் குறைவாக முடிகிறது. என்.சி.யில் பளபளப்பு வர ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பெட்ரோல் சிந்தினால் கறையேறும். நடைமுறையில் என்.சி. அடிக்கும் பட்டறையில் 7.6 லிட்டர் அடிப்பதில்லையே, மூன்று நான்கு லிட்டரில் முடித்துவிடுகிறார்களே என்று யாரேனும் கேட்கலாம். மெய்தான், அப்பொழுது நிற்பது 50 மைக்ரானில் பாதி. அடுத்த தகுதிச் சோதனைக்குள் அது வெளுத்துவிடும் என்பதைத் தனியே கணக்கிட வேண்டும். இரண்டுக்கும் இடையே நிற்பது சிந்தெடிக் எனாமல்: உலர ஒரு பகலும் ஓர் இரவும் எடுக்கும், அதற்குள் தூசி படியும், ஆனால் ஹார்டனர் வேண்டாம், கனமாக நிற்கும். சரக்கு வண்டிகளின் சட்டத்திற்கும் அடிப்பாகத்திற்கும் அதைக் குறைகூற மனம் வரவில்லை. மெட்டாலிக் வர்ணம் விரும்புகிறவர், மெல்லிய பேஸ் கோட் ஒன்றும் அதன்மேல் கிளியர் கோட் ஒன்றுமாக இரண்டு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இருபொருள் பெயின்ட்டை விசாரிக்கும்போது ஒரு சூக்ஷ்மம் உண்டு. கடையில் சொல்லும் விலை வர்ண டப்பாவின் விலை. அதோடு நான்குக்கு ஒன்று, அல்லது இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஹார்டனர் சேர வேண்டும். லிட்டர்க் கணக்கில் பார்த்தால் ஹார்டனர் பல சமயம் வர்ணத்தைவிடக் கிரயம் கூடியது. ஆகவே இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடுகிறவர், வர்ணமும் ஹார்டனரும் அதற்கேற்ற தின்னரும் சேர்ந்த கலவை லிட்டருக்கு என்ன விழுகிறது என்றே ஒப்பிட வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி. விலைக்குள் அடங்கியதா, மேலே வருவதா என்பதையும் அப்பொழுதே கேட்டுவிடுவது நலம்.

வர்ணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், மட்டாஞ்சேரியில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதற்கு அடியில் இருப்பதே. பட்டி பார்ப்பது என்று நாம் பொதுவாகச் சொல்லும் வேலையில்தான் காசு கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது. பாலியெஸ்டர் பட்டி ஒரு கிலோ, ஒரு மில்லி மீட்டர் கனத்தில் பூசினால் அரைச் சதுர மீட்டரையே நிரப்பும். அதிலும் பெரும்பகுதி எமரி பேப்பரால் தேய்க்கும்போது தூளாக உதிர்ந்துவிடும். ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்ததும் வெயில் நேரத்தில் சில நிமிஷங்களில் இறுகிவிடுமாதலால், உள்ளங்கையளவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்கும் மேஸ்திரி நம் பணத்தைப் பலகையிலேயே இறுக விடுகிறார். நன்றாக டிங்கரிங் செய்து தகட்டைச் சமனாக்கிவிட்டால் பட்டி பாதியாகக் குறையும். அந்தக் கூலியைக் கொடுப்பதில் லோபித்தனம் கூடாது. பட்டியின்மேல் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும் கூடாது. அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னால் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். பட்டியை உலர்ந்த நிலையிலேயே 80, 120, 220 என்று படிப்படியாகத் தேய்த்து, ப்ரைமர் அடித்த பிறகே 400, 600 எண் வாட்டர் பேப்பருக்குத் தண்ணீர் தொட வேண்டும்.

அந்தத் தண்ணீர் எது என்பது இந்த ஊரில் மிக முக்கியமான கேள்வி. மேற்குக் கொச்சியில் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் பல இடங்களில் உப்புக் கரிப்பவை. குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருக்கள் உண்டு. பட்டறையில் ஒரு பழைய பீப்பாயில் அந்தக் கரிப்பு நீரை நிரப்பி, அதில் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தால், நீர் உலர்ந்தபின் உப்பு தகட்டிலேயே தங்கும். அதன்மேல் எத்தனை விலையுயர்ந்த வர்ணம் அடித்தாலும், மழைக்காலத்தில் படலத்தின் ஊடே கசியும் ஈரத்தை அந்த உப்பு இழுத்து வைத்துக்கொள்ள, முதலில் சொன்ன கொப்புளங்கள் எழும்பும். குழாய்த் தண்ணீர் இரண்டு கேன் கொண்டுபோய்க் கொடுப்பதும், கடைசியில் ஒருமுறை சுத்த நீரால் முழு வண்டியையும் கழுவித் துடைக்கச் சொல்வதும் ஏறக்குறையச் செலவில்லாதவை. செலவைப் பொறுத்தவரை, தகடு வெளித்தெரியும் இடங்களில் வழக்கமான ரெட் ஆக்ஸைடுக்குப் பதில் இருபொருள் எபாக்ஸி ப்ரைமர் வாங்குவதே இந்தக் கடலோரத்தில் நான் சிபாரிசு செய்வது. வர்ணத்தில் சிக்கனம் செய்தாவது ப்ரைமரை உயர்ந்ததாக வாங்கலாம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மாஸ்கிங் டேப், எமரி, கழிவுப் பஞ்சு, வடிகட்டும் துணி, பாலீஷ் முதலிய சில்லறைச் சாமான்கள் தனித்தனியே அற்பமாகத் தோன்றி, சேர்ந்து வரும்போது வர்ண டப்பாவின் விலையை எட்டிப் பிடிக்கும். இவற்றில் டேப்பில் மட்டும் மலிவு தேட வேண்டாம். மட்ட ரகத்தின் பசை கண்ணாடி ரப்பரில் ஒட்டிக்கொண்டு, அதை நீக்கத் தனியே தின்னர் கேட்கும்.

பருவத்தையும் சாமான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்டால், என்.சி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு வண்டி சாம்பல் பூத்து நிற்கும். இதைத் தவிர்க்க மெதுவாக ஆவியாகும் விசேஷத் தின்னர் வாங்க வேண்டும். அது வேறு விலை. இருபொருள் பெயின்ட்டிலோ ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து வாயு எழுப்பி, ஊசி முனைத் துளைகளை உண்டாக்கும். தகட்டின் உஷ்ணம் பனிபடியும் உஷ்ணநிலையைவிட 3 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது பொது விதி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை, காலை பத்து மணிக்கு மேல் அடிப்பது சிலாக்கியம். தகுதிச் சான்றின் தேதி ஆடி மாதத்தில் விழுகிறவர்கள் முன்கூட்டியே வேலையை முடித்துக்கொள்வார்களாக.

நிறத்துக்கு நிறம் செலவு மாறும் என்பது பலர் கவனியாத விஷயம். வெள்ளைக்கு உயிர்நாடி டைட்டானியம் டையாக்ஸைடு. அதன் தாதுவான இல்மனைட், மணவாளக்குறிச்சி முதல் சவரா வரையுள்ள கடற்கரைக் கருமணலில் கலந்து கிடக்கிறது. அந்த மணலிலிருந்து வெள்ளைத் தூளை எடுக்க 1946இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை ஸ்தாபிதமாயிற்று. சவராவில் கேரள அரசின் கனிமக் கம்பெனியும் இதே தொழிலை நடத்துகிறது. அனடேஸ் என்றும் ரூட்டைல் என்றும் அந்தத் தூளில் இரண்டு வகை. முன்னது வெயிலில் சில காலம் நின்றால் படலத்தைச் சுண்ணாம்பு போல் உதிரச் செய்யும், பின்னது தாங்கும். மலிவான வெள்ளை பூசிய வண்டியின்மேல் கையை வைத்தால் உள்ளங்கை வெளுப்பதன் காரணங்களில் இது ஒன்று.

வெள்ளை தன்னளவில் நன்றாக மூடும் நிறமேயானாலும், அதற்கடியில் இருப்பதைப் பொறுத்து அதன் செலவு விஷம்போல் ஏறும். கேரளத்துச் சுற்றுலா பஸ்களை இதற்கு உதாரணமாகக் கூறலாம். சினிமா முகங்களும் சிறுத்தைகளும் டிராகன்களுமாகப் பக்கமெல்லாம் சித்திரம் தீட்டி ஓடிய அந்த பஸ்கள், வெள்ளை நிறமும் ஊதா, பொன்னிறக் கோடுகளும் மட்டுமே கொண்டிருக்க வேண்டும் என்ற விதி, 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நேர்ந்த கோர விபத்துக்குப் பின் கண்டிப்பாக அமலாயிற்று. சிவப்பும் கறுப்பும் அடர்ந்த சித்திரத்தின்மேல் நேரே வெள்ளை அடித்தால், சில சிவப்பு வர்ணங்கள் புதிய தின்னரில் கரைந்து மேலே கசிந்து, வெள்ளை ரோஜா நிறமாகும். மூன்று கை, நான்கு கை அடித்தும் மறையாது. முதலில் எபாக்ஸியாலோ சாம்பல் நிற ப்ரைமராலோ பழைய வர்ணத்தைப் பூட்டிவிட்டு, அப்புறம் வெள்ளை பூசுவதே சாமானைக் குறைக்கும் வழி. இதற்கு முன் 2018இலேயே கேரளத்தில் தனியார் பஸ்களில் நகர வண்டிக்கு இளம்பச்சை, சாதாரண வண்டிக்கு இளநீலம், நிறுத்தம் குறைந்த வண்டிக்கு மெரூன் என்று வகுத்திருந்தார்கள். அலங்காரப் பிரியர்களுக்கு இது துக்கம். ஆனால் ஒரே நிறத்தைப் பல முதலாளிகள் சேர்ந்து பெரிய டப்பாவாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ள வழி பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மஞ்சளின் விவகாரம் வேறு. பழைய மஞ்சள்களில் ஈயக் குரோமேட் கலந்திருந்தது. அது மலிவு, நன்றாக மூடும், ஆனால் விஷம். பெயின்ட்டில் ஈயம் பத்து லக்ஷத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2017 நவம்பரில் அமலுக்கு வந்த இந்திய விதி, வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய பெயின்ட்டுகளையே கட்டுப்படுத்துகிறது. வாகனப் பெயின்ட் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகையால் ஈயமில்லாதது என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குக. ஈயமில்லாத மஞ்சள் சற்று மெலிந்தே மூடும். கறுப்பு ப்ரைமரின்மேல் அடித்தால் ஐந்து கையானாலும் பச்சை ஓடித் தெரியும். மஞ்சள் வரும் இடங்களில் மட்டும் ஒரு கை வெள்ளை அடித்துக்கொண்டால் இரண்டே கையில் மஞ்சள் பளிச்சிடும். பழைய மஞ்சளை உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். ஈரத்திலே தேய்த்தால் ஈயத் தூசி மூக்கில் ஏறாது. இருபொருள் பெயின்ட்டின் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. மேஸ்திரி முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பதைக் கண்டால், கரி வடிகட்டியுள்ள முகமூடி ஒன்றையும் சாமான் பட்டியலில் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

இருக்கும் நிறத்தையே மறுபடி பூசுவதற்கு யாரிடமும் அநுமதி வேண்டாம். நிறத்தை மாற்றுவதானால், பதிவுச் சான்றில் நிறமும் ஒரு விவரமாகப் பதிந்திருப்பதால், டப்பா வாங்குமுன்பே பதிவு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும், கே.எல். 43 என்று தொடங்கும் வண்டிகளுக்கு அது மட்டாஞ்சேரி அலுவலகம். ராணுவத்தின் ஆலிவ் பச்சை மட்டும் எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் எண்ணிப் பார்க்கவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி அதைப் பாதுகாப்பு இலாகா வண்டிகளுக்கே ஒதுக்கியிருக்கிறது.

கடைசியாக, வாங்கும் அளவு. பெரிய டப்பா லிட்டருக்குச் சற்று மலிவாகக் கிடைக்கும் என்று ஹார்டனரையும் பெரியதாக வாங்குவது இங்கே நஷ்டம். ஒருமுறை திறந்த ஹார்டனர் டப்பாவில் மட்டாஞ்சேரிக் காற்றின் ஈரம் புகுந்தால், அடுத்த முறை திறக்கும்போது அது கட்டியாகியிருக்கும். வர்ணத்தைக் கணக்குக்குச் சற்று மேலாகவும், ஹார்டனரைச் சிறு டப்பாக்களாகவும் வாங்குக. வேலை முடிந்தபின் ஹார்டனர் கலவாத வர்ணத்தில் நூறு மில்லி லிட்டரைச் சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, வர்ணத்தின் எண்ணையும் கடையின் பெயரையும் ஒட்டி, வண்டியில் வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பஜார் ரோட்டில் கைவண்டி உரசி விழும் கீறல்களுக்கு, துரு பிடிக்குமுன் அன்றைக்கே தொட்டு வைக்க அது போதும்.